ரைஃபிளா, கைத்துப்பாக்கியா? - ரெமிங்டன் எக்ஸ்பி-100 கதை

துப்பாக்கின்னா நம்மில் பலருக்குத் தெரிஞ்சது மூணே வகைதான். தீபாவளிக்கு ரோல் கேப் மாட்டிச் சுடுற பொம்மைத் துப்பாக்கி, பேங்க் வாசலில் செக்யூரிட்டி அண்ணன் தோளில் தொங்குற இரட்டைக் குழல், அப்புறம் மாத நாவல் வில்லன் கோட்டுப் பாக்கெட்டிலிருந்து உருவுற "சைலன்சர் பொருத்திய ரிவால்வர்". (ரிவால்வரில் சைலன்சர் மாட்டினா பெரும்பாலும் வேலைக்கே ஆகாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கிற சந்து வழியா சத்தம் வெளியே வந்துடும். அது தனிக் கதை.)

இந்த மூணிலும் சேராத ஒரு வினோதப் பிராணி அமெரிக்காவில் உண்டு. ரைஃபிளுக்கு இருக்கிற மாதிரி போல்ட், அதாவது கைப்பிடியைத் தூக்கி, பின்னால இழுத்து, தோட்டா போட்டு, முன்னால தள்ளிப் பூட்டுற தாழ்ப்பாள். மேலே தொலைநோக்கி ஸ்கோப். ஆனா தோளில் வைக்கிற கட்டை கிடையாது. கையில் பிடிச்சுச் சுடணும். பேரு ரெமிங்டன் எக்ஸ்பி-100. எக்ஸ்பின்னா "சோதனைப் பிஸ்டல்"னு அர்த்தம். 1963-ல் கடைக்கு வந்தது. தொழிற்சாலையிலேயே செஞ்சு பரவலா விற்ற போல்ட் வகை வேட்டைப் பிஸ்டல்களுக்கு இதைத்தான் மூத்த அண்ணன்னு சொல்லணும்.

எனக்குத் துப்பாக்கி மேல பெரிய காதல் எல்லாம் இல்லைங்க. பழைய இயந்திரங்கள் மேல உண்டு. ஒரு இயந்திரத்தை யார் செஞ்சாங்க, ஏன் செஞ்சாங்க, செஞ்சவங்க போன பிறகு அதை யார் பார்த்துக்கிறாங்கன்னு தோண்டிப் பார்க்கிறது ஒரு சுகம். இந்தப் பிஸ்டல் விஷயத்தில் அந்தக் கடைசிக் கேள்விதான் உயிர் போகிற கேள்வியா இருக்கு.

ராக்கெட் காலத்துக் குழந்தை

1933-லிருந்து ரெமிங்டன் கம்பெனி டூபான்ட் கையில் இருந்தது. ஆமாம், நைலானைக் கண்டுபிடிச்ச அதே டூபான்ட். அப்பன் வீட்டில் பிளாஸ்டிக் கொட்டிக் கிடக்கும்போது பிள்ளை சும்மா இருப்பானா? துப்பாக்கிக் கட்டையை வால்நட் மரத்துக்குப் பதிலா நைலானில் வார்த்துப் பார்த்தாங்க. 1959-ல் வந்த நைலான் 66-ங்கிற சின்ன ரைஃபிளைப் பார்த்து "பிளாஸ்டிக் துப்பாக்கியா?"ன்னு முதல்ல சிரிச்சாங்க. கடைசியில் பத்து லட்சத்துக்கும் மேல வித்துது.

அந்தத் தைரியத்தில் எக்ஸ்பி-100க்கும் அதே நைலான் கட்டை. பழுப்பு நிறம், வழவழன்னு வளைவு, குழலுக்கு மேலே காற்றோட்டத் துளைகளோட ஒரு பட்டை, முன்னாடி சுறா மீன் துடுப்பு மாதிரி ஒரு குறி. கென்னடி நிலாவுக்கு ஆள் அனுப்பறேன்னு சொல்லிக்கிட்டிருந்த நேரம். கார், ரேடியோ, மேஜை விளக்கு எல்லாமே ராக்கெட் மாதிரி இருந்த காலம். வேட்டைத் துப்பாக்கி மட்டும் தப்பிக்குமா?

உள்ளே இருந்த இரும்பு மட்டும் பழைய ஆள்தான். ரெமிங்டனின் குட்டை ரைஃபிள் இயந்திரம். அடுத்த வருஷமே, 1964-ல், அதே உறுப்புகளோட மாடல் 600-ன்னு ஒரு முழு ரைஃபிளும் வந்தது. அதாவது இந்தப் பிஸ்டலும் அந்த ரைஃபிளும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இந்த உறவை ஞாபகத்தில் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

தோட்டா விஷயம் இன்னும் சுவாரசியம். 1950-ல் ரெமிங்டனின் மைக் வாக்கர்ங்கிற எஞ்சினியர் .222 ரெமிங்டன்னு ஒரு தோட்டாவைக் கொண்டு வந்தார். குறி தவறாம சுடறதில் அந்தக் காலத்தில் அதுக்கு நிகர் இல்லைன்னு பேர் வாங்கியது. அதை அப்படியே பிஸ்டலில் போடலாம்னு பார்த்தா ஒரு சிக்கல். ரைஃபிளின் நீளக் குழலில் எரிஞ்சு முடியற மருந்து, பத்தரை அங்குலக் குழலில் பாதியிலேயே வெளியே வந்து காற்றில் எரியுது. காசு போட்டு வாங்கின மருந்து வாணவேடிக்கைக்குத்தான் பயன்படும்.

அதனால கூட்டைக் குட்டையாக்கினாங்க. 1.7 அங்குலம் இருந்த பித்தளைக் கூடு 1.4 அங்குலம் ஆச்சு. புதுத் தோட்டாவுக்கு .221 ரெமிங்டன் ஃபயர்பால்னு பேர். (.221-ன்னு போட்டிருந்தாலும் குண்டு .222-க்குப் போடற அதே விட்டம்தான், .224. பேரும் அளவும் ஒத்துப்போகணும்னு துப்பாக்கி உலகத்தில் சட்டம் எதுவும் இல்லை.) 50 கிரெய்ன், அதாவது 3 கிராமுக்குச் சற்று மேலான குண்டு, வினாடிக்கு 2,600 அடிக்கு மேல பறந்தது. அந்தக் கால ராணுவப் பிஸ்டலான .45-ன் குண்டு வினாடிக்குச் சுமார் 830 அடி. ஒலியைப் போல ரெண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் சுடற பிஸ்டல்னா அது அன்னைக்கு அதிசயம்தான்.

ஒரு கிசுகிசு. கென்னடி சுடப்பட்டதும் அதே 1963. பல வருஷம் கழிச்சு, வேற குற்றத்துக்காக ஜெயிலில் இருந்த ஒருத்தர் "நான்தான் ஃபயர்பால் பிஸ்டலால் அவரைச் சுட்டேன்"னு பேட்டி கொடுத்தார். நம்பறதுக்கு உருப்படியான ஆதாரம் எதுவும் இல்லை. ஆனாலும் இந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேச்செடுத்தா யாராவது ஒருத்தர் இதைச் சொல்லாம விடமாட்டார். சரி, நானும் சொல்லிட்டேன் :-)

கைப்பிடி ஏன் நடுவில்?

எக்ஸ்பி-100 படத்தைப் பார்த்தா முதல்ல கண்ணை உறுத்தறது கைப்பிடி. சாதாரணப் பிஸ்டலில் பின்கோடியில் இருக்கும். இதில் நடுவில் இருக்கு. காரணம் எளிமையானது. கிட்டத்தட்ட 1.7 கிலோ எடை. பின்னாடி பிடிச்சா முன்பாரம் கையை இழுத்துடும். தராசு மாதிரி நடுவில் பிடிச்சா சமமா நிற்கும்.

ஆனா ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு இளிக்கும் இல்லையா? கைப்பிடி முன்னால வந்துட்டதால டிரிகரும் முன்னால வந்தாச்சு. சுடற இயந்திரம் பின்னாடியே இருக்கு. ரெண்டையும் இணைக்க நீளமா ஒரு இரும்புச் சட்டம் போட்டாங்க. அதனால டிரிகர் நேரடியா இல்லாம கொஞ்சம் கொழகொழன்னு இருக்குன்னு சுடறவங்க குறைப்பட்டாங்க.

இன்னொரு வேடிக்கை போல்ட் கைப்பிடி. அது வலது பக்கம் இருக்கு. வலது கைக்காரர் வலது கையால் பிஸ்டலைப் பிடிச்சிருக்கார். அப்போ போல்டை எந்தக் கையால் இழுக்கறது? ஒவ்வொரு தடவையும் கை மாத்தணும். 1998-ல் சாவேஜ் கம்பெனி ஸ்ட்ரைக்கர்னு ஒரு போல்ட் பிஸ்டல் கொண்டு வந்தப்போ, கைப்பிடியை இடது பக்கமும் காலிக்கூடு வெளியே விழறதை வலது பக்கமும் வச்சாங்க. சாதாரண அறிவுதான். ஆனா அது வர 35 வருஷம் ஆச்சு.

சட்டத்தின் ஜன்னல் பூட்டு

ரைஃபிள் இயந்திரம், ரைஃபிள் தோட்டா, ரைஃபிள் மாதிரி ஸ்கோப். பேசாம ஒரு குட்டை ரைஃபிளே செஞ்சிருக்கலாமேன்னு தோணும். அங்கேதான் சட்டம் வருது.

1934-ல் அமெரிக்காவில் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. மதுவிலக்குக் காலத்து ரவுடிக் கூட்டங்களை அடக்கப் போட்ட சட்டம். முதல் மசோதாவில் கைத்துப்பாக்கிகளுக்கும் பதிவும் வரியும் இருந்தது. கைத்துப்பாக்கியைக் கட்டுப்படுத்தினா, ஆளுங்க ரைஃபிளை அறுத்துக் கோட்டுக்குள் மறைப்பாங்க இல்லையா? அதனால குட்டை ரைஃபிளையும் சேர்த்தாங்க. அப்புறம் எதிர்ப்பு கிளம்பி, கைத்துப்பாக்கியை மசோதாவிலிருந்து நீக்கிட்டாங்க. குட்டை ரைஃபிள் மட்டும் உள்ளேயே தங்கிடுச்சு. வாசல் கதவைக் கழட்டிட்டு ஜன்னலுக்குப் பூட்டு போட்ட கதை.

விளைவு என்ன? குழல் 16 அங்குலத்துக்குக் கீழே இருந்து (முதலில் 18, 1960-ல் 16 ஆச்சு), தோளில் வைக்கிற கட்டையும் இருந்தா, அது பதிவு செய்ய வேண்டிய ஆயுதம், 200 டாலர் வரி. அதே குழல், அதே இயந்திரம், கட்டை மட்டும் இல்லைன்னா வெறும் பிஸ்டல். எக்ஸ்பி-100 பிஸ்டலாவே பிறந்ததால தப்பிச்சது. அதில் நீங்களா ஒரு தோள்கட்டையை மாட்டினா அன்னைக்கே குற்றவாளி. மாடல் 600 ரைஃபிளை அறுத்துப் பிஸ்டல் ஆக்கினாலும் குற்றவாளி. ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான், ஆனா ஒருத்தன் சட்டையை இன்னொருத்தன் போடக்கூடாது! (2025-ல் சட்டத்தைத் திருத்தி 2026 ஜனவரி 1 முதல் குட்டை ரைஃபிளுக்கான அந்த வரியைப் பூஜ்ஜியம் ஆக்கிட்டாங்க. பதிவு செய்யணும்ங்கிறது மட்டும் அப்படியே இருக்கு.)

இந்தக் குழப்பம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. எக்ஸ்பி-100-ன் பெரிய போட்டியாளன் 1967-ல் வந்த தாம்சன்/சென்டர் கன்டெண்டர். அது போல்ட் வகை இல்லை, நடுவில் மடக்கித் திறக்கிற வகை. குழலைக் கழட்டி வேற குழல் மாட்டிக்கலாம். அந்தக் கம்பெனி பிஸ்டலோட 21 அங்குலக் குழலும் தோள்கட்டையும் சேர்த்து ஒரே செட்டா வித்தது. "இதை வச்சு ஒருத்தன் குட்டைக் குழலையும் கட்டையையும் சேர்த்து மாட்டலாமே, அதனால வரி கட்டு"ன்னு அரசாங்கம் சொன்னது. கம்பெனி 200 டாலரைக் கட்டிட்டு, திருப்பிக் கொடுன்னு வழக்குப் போட்டது. 1992-ல் கம்பெனிதான் ஜெயிச்சது. சட்டம் ரெண்டு விதமா அர்த்தம் கொடுத்தா, தண்டனை பெறக்கூடியவனுக்குச் சாதகமா எடுத்துக்கணும்ங்கிறது அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

யார் வாங்கினாங்க?

முதலில் வாங்கினவங்க மேற்கு மாநிலங்களின் வேட்டைக்காரங்க. மொன்டானா, வயோமிங் மாதிரி புல்வெளிப் பிரதேசங்களில் பிரெய்ரி நாய்னு ஒரு பிராணி உண்டு. பேர்தான் நாய், உண்மையில் அணில் இனம். மேய்ச்சல் நிலம் முழுக்க வளை தோண்டும். பண்ணைக்காரங்களுக்கு ஆகாது. தூரத்தில் தலையை மட்டும் நீட்டிப் பார்க்கிற அந்த அணில்தான் ஃபயர்பாலின் முதல் குறி. (நம்ம ஊரில் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு பொழுதுபோக்கு வேட்டைங்கிற பேச்சே கிடையாது. அதனால இது முழுக்க அவங்க ஊர் சமாச்சாரம்.)

அந்தத் தூரத்துக்கு ஸ்கோப் கட்டாயம். ஆனா ரைஃபிள் ஸ்கோப்பை எடுத்து மாட்ட முடியாது. ரைஃபிள் ஸ்கோப்பில் கண்ணை மூணு நாலு அங்குலத்தில் வச்சுப் பார்க்கணும். பிஸ்டலையோ கை நீட்டிப் பிடிக்கணும். அதனால கண்ணிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருந்தாலும் முழுப் படம் தெரியற தனி ஸ்கோப் வேணும். அறுபதுகளில் புஷ்னெல் ஃபான்டம்னு 1.3 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் வந்தது. "அட, ஒண்ணேகால் மடங்குக்கா இவ்வளவு பில்டப்பு?"ன்னு கேக்கலாம். பெரிதாக்கும் அளவு கூடக் கூட, கண் இருக்க வேண்டிய இடம் ஊசிமுனை மாதிரி குறுகிடும். கை லேசா ஆடினாலும் படம் கறுத்துப் போயிடும். அதனால 1.3-ஏ அப்போ பெரிய விஷயம்.

அடுத்த அலை எழுபதுகளின் நடுவில் வந்தது. மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு விளையாட்டு, இரும்புத் தகட்டில் செஞ்ச மிருக உருவங்களைச் சுட்டுக் கவுக்கணும். பிஸ்டலுக்கான போட்டியில் கோழி 50 மீட்டர், பன்னி 100, வான்கோழி 150, செம்மறிக் கிடா 200 மீட்டர். பட்டா மட்டும் போதாது, கீழே விழணும். 1976-ல் இதுக்கு ஒரு சர்வதேசச் சங்கமே உருவாச்சு. போட்டியாளருங்க மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்கி, பிஸ்டலைக் கால் மேல சாய்ச்சு வச்சுச் சுடுவாங்க. பார்க்க யோகாசனம் மாதிரி இருக்கும்! 200 மீட்டரில் கனமான இரும்புக் கிடாவைத் தள்ள ஃபயர்பாலின் சின்னக் குண்டு போதலை. அதனால 14½ அங்குலக் குழலும் 7 மில்லிமீட்டர் பெஞ்ச்ரெஸ்ட் தோட்டாவுமா எக்ஸ்பி-100 மறு அவதாரம் எடுத்தது.

1985-ல் பழைய ஃபயர்பால் மாடலை நிறுத்தினாங்க. வேற வேற தோட்டாக்களில் வந்த தம்பிமார்கள் தொண்ணூறுகள் வரைக்கும் தாக்குப்பிடிச்சாங்க. பிறகு அதுவும் நின்னுபோச்சு. தோட்டா மட்டும் வேற ரூபத்தில் வாழுது. ஃபயர்பால் கூட்டின் வாயை அகலமாக்கித்தான் .300 விஸ்பர் பிறந்தது. அதன் வழியில் வந்த .300 பிளாக்அவுட் 2011-ல் முறையா அங்கீகாரம் வாங்கி இன்னைக்குச் சக்கைப்போடு போடுது.

வச்சிருக்கிறவங்க பாடு

இன்னைக்கு ஒரு எக்ஸ்பி-100 வச்சிருக்கிறவருக்கு வேலை என்னன்னு பார்ப்போம்.

முதல் தலைவலி தோட்டா. கம்பெனித் தோட்டா எப்பவாவதுதான் கடைக்கு வரும். அதனால பலர் .222 அல்லது .223-ன் காலிக்கூட்டை 1.4 அங்குலத்துக்கு வெட்டி, வாயைத் தேய்ச்சு, தாங்களே தோட்டா செஞ்சுக்கிறாங்க. வெட்டின கூட்டின் கழுத்துத் தடிமனையும் அளந்து சரி பார்க்கணும். தடிச்ச கழுத்து அறைக்குள்ளே இறுகிக்கிட்டா அழுத்தம் எகிறிடும்.

அடுத்தது ஸ்கோப். அதைத் தாங்கற திருகுகள் ரொம்பச் சின்னவை. எண்ணெய்ப் பசை இல்லாம துடைச்சு, அளவான முறுக்கில் இறுக்கணும். தோளில் அணைப்பு இல்லாததால சுடும்போது பிஸ்டல் மேல்நோக்கித் துள்ளும். பெரிய தோட்டா மாடல்களில் அந்தத் துள்ளல் ஸ்கோப்புக்கு நல்ல சோதனை. ஒரு திருகு அரைச்சுற்று தளர்ந்தாலே நூறு கஜத்தில் குறி எங்கேயோ போயிடும். ஆளு என்னமோ தன் கைதான் நடுங்குதுன்னு நினைச்சுக்கிட்டிருப்பார்.

மூணாவது குழல். போல்ட் வகையின் பெரிய வரமே இதுதான். போல்டை உருவிட்டா பின்பக்கமிருந்து நேரா கம்பி விட்டுத் துடைக்கலாம். குண்டு வெளியேறுகிற முன் விளிம்பைக் கம்பி உரசாது. அந்த விளிம்பு தேஞ்சா குறி போச்சு. மருந்துக் கரி ஒரு வகை அழுக்கு, குண்டின் செம்பு உறை ஒட்டறது இன்னொரு வகை. ரெண்டுக்கும் வேற வேற திரவம்.

நைலான் கட்டைக்கு ஒண்ணும் வேணாம். மழையில் ஊறாது, வெயிலில் பிளக்காது. அறுபது வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கு. அன்னைக்குச் சிரிச்சவங்களுக்கு அதுவே பதில்.

கடைசியா டிரிகர். எல்லாரும் கடைசியாப் பார்க்கிறது இதைத்தான். முதல்ல பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

கனெக்டர்ங்கிற சின்னத் தகடு

.222 தோட்டாவைக் கொடுத்த அதே மைக் வாக்கர்தான் ரெமிங்டனின் புகழ்பெற்ற டிரிகரையும் வடிவமைச்சார். வழக்கமான டிரிகரில், விரல் படற உறுப்பே உள்ளே இருக்கிற கொக்கியைத் தாங்கும். வாக்கர் டிரிகரில் ரெண்டுக்கும் நடுவில் கனெக்டர்னு ஒரு சின்ன எஃகுத் தகடு. டிரிகரோட ஒட்டப்படலை, ஸ்ப்ரிங் அழுத்தத்தில் மட்டும் நிற்கும். இதனால இழுக்கிறது வெண்ணெய் மாதிரி இருக்கும். எக்ஸ்பி-100-லும் இந்தக் கனெக்டர் ஏற்பாடுதான்.

சிக்கல் என்னன்னா, ஒவ்வொரு தடவை சுடும்போதும் அந்தத் தகடு டிரிகரை விட்டு விலகித் திரும்ப ஒட்டும். விலகற நேரத்தில் இடுக்கில் தூசி, கெட்டியான எண்ணெய், உலோகத் துகள் ஏதாவது சிக்கினா, தகடு பழைய இடத்துக்கு முழுசா வராது. கொக்கியைத் தாங்கற விளிம்போ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சேஃப்டி போட்டிருக்கும்போது கொக்கியை அது பிடிச்சிருக்கும், ஒண்ணும் தெரியாது. சேஃப்டியை எடுத்தவுடனே கொக்கிக்குக் கீழே தாங்க ஆள் இல்லைன்னா? டிரிகரைத் தொடாமலே வெடிக்கும். இதுதான் குற்றச்சாட்டு.

இது பிற்காலத்தில் யாரோ கிளப்பிவிட்டது இல்லை. 1946-லேயே, சோதனை மாதிரிகள் ஓடிக்கிட்டிருந்த காலத்தில், சேஃப்டி விஷயத்தில் ஆபத்தான நிலை வரக்கூடும்னு வாக்கரே உள்ளுக்குள் குறிப்பு எழுதியிருக்கார். 1948-ல் அவர் சொன்ன ஒரு மாற்றத்துக்கு ஒரு துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட் கூடுதலா ஆகியிருக்கும். கம்பெனி அதைச் சேர்க்கலை. 2010-ல் சிஎன்பிசி தொலைக்காட்சியின் ஆவணப்படம் இந்தக் காகிதங்களை வெளியே கொண்டுவந்தது.

இந்த இடத்தில்தான் முன்னாடி சொன்ன உறவு வருது. 1970களில் டெக்சாஸில், எக்ஸ்பி-100-ன் உடன்பிறப்பான மாடல் 600 வகை ரைஃபிள் ஒண்ணு, சேஃப்டியை எடுத்தபோது வெடிச்சு ஒரு வக்கீல் முடங்கிப்போனார். 1978-ல் வழக்கு 68 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆச்சு. அதைத் தொடர்ந்து மாடல் 600 குடும்பத்தை ரெமிங்டன் திரும்ப அழைச்சது. அந்தப் பட்டியலில் பழைய எக்ஸ்பி-100 பிஸ்டல்களும் இருந்தன. பல மடங்கு அதிகமா வித்த மாடல் 700 இல்லை.

2000-ல் மொன்டானாவில் ஒரு குடும்பம் வேட்டை முடிச்சுத் திரும்பினாங்க. அம்மா தன் மாடல் 700-லிருந்து தோட்டாவை வெளியே எடுக்கப் பார்த்தார். 1982-க்கு முந்தைய அந்த மாடல்களில் போல்டைத் திறக்கணும்னா சேஃப்டியை எடுத்தே ஆகணும். எடுத்தார், வெடிச்சது. குண்டு அங்கே இருந்த வண்டியைத் துளைச்சு அந்தப் பக்கம் நின்ன ஒன்பது வயசு மகன் மேல பாய்ஞ்சது. பையன் இறந்துபோனான். டிரிகரைத் தொடவே இல்லைன்னு அந்த அம்மா சொன்னார்.

கம்பெனியின் வாதம் கடைசி வரைக்கும் ஒண்ணுதான். வடிவமைப்பில் கோளாறு இல்லை. சரியாப் பராமரிக்காதது, டிரிகரைத் தாங்களே திருகி மாத்தினது, குழலைப் பாதுகாப்பான திசையில் பிடிக்காதது, இதெல்லாம்தான் காரணம். 2014-ல் ஏற்பட்டு 2017-ல் மத்திய நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசம் 75 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைத் தொட்டது. எக்ஸ்பி-100-உம் அதில் உண்டு. அப்பவும் கம்பெனி தப்பை ஒப்புக்கலை. சமரசம் பேசின அதே 2014-ல், வாக்கர் டிரிகருக்கு மாற்றா வந்த புது டிரிகரையும் வேற ஒரு கோளாறுக்காகத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது.

பராமரிப்புங்கிற வார்த்தை

இந்தக் கதை முழுக்கத் தேடினதில் என்னை நிறுத்தினது அந்த ஒரு வார்த்தைதான், பராமரிப்பு. நாம அதைப் பொறுப்பான ஆளின் நல்ல பழக்கம்னு சொல்றோம். கம்பெனி வக்கீல் அதையே கேடயமாப் பிடிக்கிறார். "நீ சரியாத் துடைக்கலை." சரிங்க, ஒரு தூசி விழுந்தா ஆளைக் கொல்ற மாதிரி ஒரு பொருளைச் செஞ்சா, துடைக்காதவன் மேல முழுப் பழியையும் போட முடியுமா? வருஷம் பூரா பீரோவில் தூங்கி, பனியிலும் புழுதியிலும் நாலு நாள் வெளியே வர்ற பொருள் இது. தூசி விழும்னு செய்யறவனுக்குத் தெரியாதா?

அதுக்காக வச்சிருக்கிறவர் கையைக் கட்டிக்கிட்டு இருக்க முடியுமா? முடியாது. ஏன்னா, இப்போ போய்க் கேக்கப் பழைய கம்பெனியே இல்லை. 1993-ல் டூபான்ட் வித்தாச்சு. 2018-ல் ஒரு தடவை, 2020-ல் இன்னொரு தடவை திவால். துண்டு துண்டா ஏலம் போச்சு. நியூயார்க் மாநிலத்து இலியன் ஊரில் 1828-லிருந்து ஓடின தொழிற்சாலையை 2024 மார்ச்சில் மூடிட்டாங்க. எக்ஸ்பி-100 பிறந்த வீடு அதுதான். சமரசத்தில் உரிமை கோருற கெடுவும் 2020-லேயே முடிஞ்சாச்சு. பெயர் புது முதலாளிகிட்ட இருக்கு, பழைய கடன் இல்லை.

அதனால விவரம் தெரிஞ்சவங்க சொல்றது இதுதான். தாத்தா வச்சுட்டுப் போன எக்ஸ்பி-100 கைக்கு வந்தா, சுடறதுக்கு முன்னாடி துப்பாக்கி ரிப்பேர் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட டிரிகரைக் காட்டு. திரும்ப அழைச்சப்போ சரி பண்ணினதா இல்லையான்னு பார். யாராவது இழுப்பு லேசாகட்டும்னு திருகை நோண்டியிருக்காங்களான்னு பார். டிரிகருக்குள்ளே கெட்டியான எண்ணெயை ஊத்தாதே, பல வருஷத்தில் அது பசை ஆயிடும். குழல் துடைக்கிற திரவம் உள்ளே வடியாம பார்த்துக்கோ. எல்லாத்துக்கும் மேல, சேஃப்டியை நம்பாதே. அதை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் இப்ப வெடிக்கப் போகுதுன்னு நினைச்சுக் குழலை ஆளில்லாத பக்கம் பிடி.

பிளாஸ்டிக் கட்டை அறுபது வருஷம் தாங்கிடுச்சு. 1934 சட்டத்தின் ஜன்னல் பூட்டும் இன்னும் தொங்குது. ஐந்தரை சென்ட் மிச்சம் பிடிச்ச முடிவும் ஆயிரக்கணக்கான வீட்டு பீரோக்களில் அப்படியே உட்கார்ந்திருக்கு. செஞ்சவன் போன பிறகும் அவன் தப்பு இருக்கும், அதைச் சுமக்கிறது அடுத்து கையில் எடுக்கிறவன். துப்பாக்கிக்கு மட்டும் இல்லை, நம்ம வீட்டு பழைய கேஸ் அடுப்புக்கும் மாடி லிஃப்டுக்கும் இது பொருந்தும்னு நினைக்கிறேன்.

டிஸ்கி: யாரையும் துப்பாக்கி வாங்கச் சொல்ற பதிவு இல்லைங்க இது. நம்ம ஊரில் லைசென்ஸ் இல்லாம ஏர்கன்னுக்கு மேல ஆசைப்பட்டா, துடைக்கிற வேலையைப் போலீஸே பார்த்துக்கும்!